வீட்டில் எல்லோருக்கும் கேஸ்ட்ரிக்

ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்ததும் அம்மா செய்த முதல் காரியம், என் கையிலிருந்த மருத்துவமனைக் கோப்பை வாங்கி ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் திணித்தது. கோப்பின் மேலே மகளிர் நோய்ப் பிரிவு என்று பெரிதாக அச்சடித்திருந்தது. அந்தப் பையை அவர் வீட்டிலிருந்தே நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தார். என்ன நோய் என்று தெரியும் முன்பே அதை எப்படி மறைப்பது என்பது முடிவாகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் முன்னேற்பாடு என்றால் இதுதான்.

நோய் என்று எதையும் அதுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. என் இடது சினைப்பையில் ஒரு கட்டி இருந்தது. பெரிய ஆரஞ்சுப் பழ அளவு என்றார் மருத்துவர். மருத்துவர்கள் ஏன் எல்லாவற்றையும் பழக்கடையில் நின்று அளக்கிறார்கள் என்று தெரியவில்லை. மில்லிமீட்டரில் கேட்டேன், சொன்னார். கட்டிக்குள் தடுப்புகளும் திடமான பகுதிகளும் இருந்தன. இரத்தத்தில் புற்றுக்கு அடையாளமாகப் பார்க்கும் ஒரு புரதம் கூடியிருந்தது. அது வேறு காரணங்களாலும் கூடலாம். புற்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஊசியால் உறிஞ்சிப் பார்க்க முடியாது, புற்றாக இருந்தால் வயிற்றுக்குள் சிந்திவிடும். வெட்டி எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பழுதான மின்னணுச் சில்லுகளை வெட்டி, எந்த அடுக்கில் பழுது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வெட்டிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்பவர்களை நான் மதிப்பதில்லை. அந்த வகையில் மருத்துவர்மேல் எனக்குக் குறையேதும் இல்லை.

குறையெல்லாம் பக்கத்து நாற்காலியில் இருந்தது. என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அம்மாவே பதில் சொன்னார். எனக்கு வயது முப்பத்தொன்று. திருமணம் ஆகிவிட்டதா என்று மருத்துவர் கேட்டதற்கு, இன்னும் இல்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார் அம்மா, மருத்துவர் வீட்டில் பையன் யாராவது இருப்பது போல. குடும்பத்தில் யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ கருப்பையிலோ புற்றுநோய் இருந்ததா என்பது அடுத்த கேள்வி. அறையில் உயரத்தையும் எடையையும் பதிந்துகொண்டு ஒரு தமிழ்த் தாதி நின்றிருந்தார். அம்மா அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு மருத்துவரிடம், எங்கள் குடும்பத்தில் அப்படியெல்லாம் எதுவும் கிடையாது என்றார். அதற்கடுத்த கேள்விக்காக மருத்துவர் அம்மாவை வெளியே உட்காரச் சொன்னார். அந்தக் கேள்விக்கு மட்டும் நானே பதில் சொன்னேன்.

கிளம்பும் முன் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். நான் மயக்கத்தில் இருக்கும்போதே கட்டியின் ஒரு துண்டை உறைய வைத்துப் பார்ப்பார்கள். அது மோசமாகத் தெரிந்தால் மற்ற சினைப்பையையும் கருப்பையையும் அப்போதே எடுத்துவிடுவதா, அல்லது தைத்து மூடிவிட்டு முழு அறிக்கை வரும்வரை காத்திருப்பதா என்று நான் முன்கூட்டியே கையெழுத்திட வேண்டும். கண் விழிக்கும்போது என்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்பதை, எதுவும் தெரியாத நிலையில் நானே தீர்மானிக்க வேண்டும். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அறுவைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருந்தது.

டாக்சியில் ஏறியதும் அம்மா சொன்னார்: "யாராச்சும் கேட்டா கேஸ்ட்ரிக்னு சொல்லு."

சிங்கப்பூரில் கழுத்துக்குக் கீழே முட்டிக்கு மேலே எது வலித்தாலும் அதற்குக் கேஸ்ட்ரிக் என்று பெயர். மரியாதையான நோய். ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும், அமைச்சருக்கும் வரும். மணமாகாத பெண்ணின் இடுப்புக்குக் கீழே விரல் நீட்டாத நோய்.

அதன் பிறகு எங்கள் சிராங்கூன் வீட்டுக்கு வைத்தியம் வரத் தொடங்கியது. சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், பூண்டுப் பால், மோரில் கரைக்க ஏதோ ஒரு பொடி, தென்கிழக்காசியா முழுவதும் விற்கும் ஒரு பச்சை நிறத் தைலம். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். பொய்யான நோய்க்கு இத்தனை மருந்து இருப்பது ஒரு சாதனைதான்.

அலுவலகத்தில் நான் பொய் சொல்லவில்லை. மேலாளரிடமும் பக்கத்து மேசைக்காரியிடமும் உண்மையைச் சொன்னேன். அதற்கும் தண்டனை கிடைத்தது. "பாசிட்டிவா இரு லா," என்றாள் பக்கத்து மேசைக்காரி. இவள் ஒரு வாரம் தாமதமாகும் சரக்குக்கு அழுபவள். மேலாளர், நான் வலிமையான பெண் என்று அறிவித்துவிட்டு, விடுப்புக்கு முன் மூன்று அறிக்கைகளை முடித்துக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். முடித்துக்கொடுத்தேன். மருத்துவமனையில் கொடுத்த சிறு நூலில் ஒரு பெண் கடற்கரையில் கைகளை விரித்து நின்றாள். நிச்சயமின்மையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவளுக்குக் கீழே எழுதியிருந்தது. அதை எழுதியவருக்கு எந்தப் பரிசோதனை முடிவும் பாக்கி இருந்திருக்காது.

நான் என்ன செய்தேன் என்றால், எனக்குத் தெரிந்த ஒரே வழியில் காத்திருந்தேன். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, தெரிந்தவை ஒரு பக்கம், தெரியாதவை ஒரு பக்கம் என்று எழுதினேன். தெரிந்த பக்கத்தில் கட்டியின் அளவும் என் இரத்த வகையும் மட்டும் இருந்தன. தாளைக் கிழித்துப் போட்டேன். கால்சட்டைப் பொத்தான் எட்டாமல் போனபோது பாவாடைக்கு மாறினேன். எம்ஆர்டி ரயிலில் ஒரு பெண் என் வயிற்றைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தாள், எத்தனையாவது மாதம் என்றும் கேட்டாள். ஆறு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். குடும்பப் பழக்கம் என்னையும் தொற்றிக்கொண்டிருந்தது.

அத்தை வந்தது அந்த வாரத்தில்தான். அம்மாவின் தம்பி மனைவி. சூடு ஆறாத குடுவையில் கஷாயத்தோடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என் வயிற்றை முறைத்துப் பார்த்தார்.

"இப்படி ஊதிக் கெடக்கே. காலையில வெறும் கோப்பியக் குடிச்சிட்டு ஆபீஸுக்கு ஓடுனா வேற என்ன ஆகும்?"

"சரி அத்தை."

"சரியாம். இப்படியே சரி சரின்னுதான் உங்க பெரியம்மாவும் சொன்னாங்க. கேஸ்ட்ரிக்கக் கண்டுக்காம விட்டா என்ன ஆகும்னு நாங்க கண்ணால பாத்தோம். வயிறு பானை மாதிரி. தண்ணி எடுப்பாங்க, மறுபடி ஊறிடும். கடைசியில தலையில ஒரு முடி இல்ல, பாவம், துண்டக் கட்டிக்கிட்டு..."

அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "கோப்பி ஆறுது. மொதல்ல அதக் குடி."

"குடிக்கிறேன் அண்ணி. இவகிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது?"

கேஸ்ட்ரிக்கில் யாருக்கும் முடி கொட்டுவதில்லை. அத்தைக்கு அது தெரிந்திருந்ததா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அங்கே கோப்பியில் சர்க்கரை போதவில்லை என்பதைத் தவிர எதுவும் இல்லை.

பெரியம்மா, அம்மாவின் அக்கா, நான் தொடக்கப்பள்ளியில் சேர்ந்த வருடம் இறந்தவர். கேஸ்ட்ரிக் முற்றிப்போய் இறந்தார் என்பது வீட்டில் எல்லோரும் சொல்வது. எனக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, அணு அளவுக்குப் பார்க்கும் கருவி இருக்கிறது. இத்தனை வருடங்களில் அந்த வாக்கியத்தை ஒரு முறையாவது நான் வெட்டிப் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மாவிடம் எதையும் கேட்க முடியாது. கூடத்தில் அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா இருக்கும் இடத்தில் பெண்களுக்கு உறுப்புகள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு அம்மாவோடு போனேன். அம்மா வெண்டைக்காய் பொறுக்க ஆரம்பித்ததும் கேட்டேன்.

"பெரியம்மாவுக்கு என்னம்மா?"

"எந்தப் பெரியம்மா?"

எனக்கு இருந்தது ஒரே ஒரு பெரியம்மா.

"கேஸ்ட்ரிக்தான்." ஒரு வெண்டைக்காயின் நுனியை ஒடித்தார். "எத்தனை தடவ சொல்லியிருக்கேன்."

"முடி ஏன் கொட்டுச்சு?"

"உங்க அத்தைக்கு வாய் நீளம்."

"கீமோ குடுத்தாங்களா?"

"மெதுவாப் பேசு." இன்னொரு நுனி. இன்னொன்று. முற்றலா பிஞ்சா என்று அவர் பார்க்கக்கூட இல்லை.

"அக்கா," என்றார் கடைக்காரர், "ஒடிச்சதெல்லாம் நீங்கதான் எடுத்துக்கணும்."

"எடுத்துக்கிறேன், எடுத்துக்கிறேன்." அம்மா குரலை இறக்கினார். "கீழ் வயித்துலதான். உனக்கு வந்திருக்கே, அதே எடம். போதுமா? அப்ப அவ பொண்ணுக்குப் பதினாறு வயசு. வயசுக்கு வந்த பொண்ணு இருக்குற வீட்ல இதப் போயி வெளிய சொன்னா நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பா? உனக்கும் சேத்துதான் சொல்லாம விட்டோம்."

"டாக்டர் கேட்டாங்களே. அப்பக்கூடவா?"

"பக்கத்துல அந்தத் தமிழ் நர்ஸ் நின்னுச்சு. எந்த வீட்டுப் பொண்ணோ, யாருக்குச் சொந்தமோ. ஒரு மணி நேரத்துல ஊரு பூரா போயிடும்."

ஒடித்த வெண்டைக்காய் ஒரு கிலோவுக்கு மேல் இருந்தது. கடைக்காரர் சிரிக்காமல் நிறுத்தார்.

என் வேலையிடத்தில் சோதனைக் குறிப்பை மாற்றி எழுதியவரை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். வீட்டில் அப்படிப்பட்டவர் சமைத்ததைத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது. மூன்று நாள் வெண்டைக்காய் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை மருத்துவமனையை அழைத்தேன். அந்த வாரமே வரச் சொன்னார்கள். அம்மாவையும் அழைத்துப் போனேன். அம்மாவுக்குத் தெரிந்ததை அம்மாதான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர், முப்பது வருடம் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், அன்று வார்த்தைக்குத் திணறினார். அக்காவுக்கும் வயிற்றில் கொஞ்சம் பிரச்சினை இருந்தது என்றார். எந்த இடத்தில் என்று மருத்துவர் கேட்டார். அம்மா மடியில் இருந்த கைப்பையை இரண்டு அங்குலம் கீழே நகர்த்தினார். அவ்வளவுதான். மருத்துவர் காத்திருந்தார், புரிந்துகொண்டார், இறந்தபோது வயது என்ன என்று கேட்டார். நாற்பத்தாறு. எழுதிக்கொண்டார். அவர் அம்மாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. இந்தக் கைப்பை நகர்த்தலை அவர் தினமும் பார்க்கிறார் போல.

அந்த ஒரு தகவலால் எல்லாம் மாறியது. அறுவை நாள் முன்னே வந்தது. புற்றுநோய் அறுவையில் தேர்ந்த ஒருவர் செய்வார் என்றார்கள். மரபணுச் சோதனை பற்றிப் பேச ஒருவரிடம் அனுப்பினார்கள். கிளம்பும்போது மருத்துவர், பெரியம்மாவின் மகள் உங்களைவிட நெருக்கமான உறவு, அவருக்கு ஆபத்து உங்களைவிடக் கூடுதலாக இருக்கலாம், அவரிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டார். அம்மா சுவரில் இருந்த கை கழுவும் முறைப் படத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

அன்றே கையெழுத்திட்டேன். இடது சினைப்பையும் அதன் குழாயும் மட்டும். மற்றவை முழு அறிக்கைக்குப் பிறகு. உறைய வைத்த துண்டு சில நேரம் தவறாகச் சொல்லும் என்று மருத்துவரே ஒப்புக்கொண்டிருந்தார். அவசரத் தீர்ப்பு ஒன்றை நம்பி என்னைக் காலி செய்துகொள்ள நான் தயாராக இல்லை. சரியான முடிவா என்று தெரியாது. தெரியாமல் எடுத்த முடிவு என்று மட்டும் தெரியும்.

கண் விழித்தபோது அதே தமிழ்த் தாதி கட்டிலருகே நின்றார். என்ன எடுத்தார்கள் என்று கேட்டேன். "இடது பக்கம் மட்டுந்தான்க்கா. மத்ததெல்லாம் பத்திரமா இருக்கு," என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். மதுரை. வந்து ஒரு வருடம்தான் ஆகிறதாம், இங்கே யாரையும் தெரியாதாம், ஞாயிற்றுக்கிழமைகளில் ரொம்பத் தனியாக இருக்கிறதாம். ஊர் முழுக்கச் செய்தி பரப்பிவிடுவார் என்று அம்மா பயந்தது இவருக்குத்தான்.

அறிக்கை வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அம்மா சிராங்கூன் சாலைக் கோயிலில் என் பேருக்கு அர்ச்சனை வைத்தார். என்ன விசேஷம் என்று அர்ச்சகர் கேட்டதற்கு, பெண்ணுக்குப் பரீட்சை என்றாராம். சாமியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. சாமி எந்தப் பாடத்தில் என்னைத் தேர்ச்சி பெற வைப்பது என்று தேடிக்கொண்டிருந்திருக்கும்.

நான் படுத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தேன். அது அடிக்கும்போதெல்லாம் ஒரு நொடி என் கை மரத்துப்போனது. காப்பீடு விற்பவர்கள், கூரியர்காரர், அத்தை. பயம் என்பது உடம்பில் இருப்பது, அதற்கு அறிவு எட்டாது என்று அப்போது தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதால் பயம் குறையவில்லை. கற்றுக்கொள்வதால் எல்லாம் தேறிவிடும் என்று சொல்பவர்களும் அந்தக் கடற்கரைப் பெண்ணும் ஒரே இனம்.

முடிவு நாளில் மருத்துவர் சொன்னார்: எல்லைக்கோட்டு வகை. புற்றுநோய் இல்லை. சாதாரணக் கட்டியும் இல்லை. மற்ற பக்கத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன், பல வருடங்களுக்கு. திரும்பி வராமலே போகலாம். வரவும் செய்யலாம்.

என் வேலையில் இப்படி ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தால் மேலாளர் சிவப்பு மையில் திருப்பி அனுப்புவார். நடைபாதையில் அம்மா பெருமூச்சு விட்டார்.

"அப்ப ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு சொல்லல."

"இருக்குன்னும் சொல்லலல்ல?" லிஃப்ட் வரும் முன்பே அத்தையை அழைத்துவிட்டார். "ஆமா, சரியாப் போச்சு. கேஸ்ட்ரிக்தான். நேரத்துக்குச் சாப்புடச் சொல்லியிருக்காங்க."

அவர் பேசி முடித்ததும், சனிக்கிழமை பொங்கோலுக்குப் போகிறேன் என்றேன். பெரியம்மாவின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுபவர், அங்கேதான் இருக்கிறார். அம்மாவின் முகம் இறுகியது. "ரெண்டு புள்ளைங்களோட நிம்மதியா இருக்கா. அவ மாமியார் வேற கூட இருக்காங்க. உனக்கு ஏன் இந்த வேல?"

போனபோது பிள்ளைகளை மாமியார் நீச்சலுக்குக் கூட்டிப் போயிருந்தார். அக்கா மேசையில் எனக்குக் கஞ்சி வைத்தார். மணி பன்னிரண்டு. பன்னிரண்டுக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும் அந்த வீட்டில். மிளகாய் கிடையாது, புளி கிடையாது. உப்புப் புட்டிக்குப் பக்கத்தில் வயிற்று மாத்திரை அட்டை.

"உனக்கும் கேஸ்ட்ரிக்காம்ல, சித்தி சொன்னாங்க. விளையாட்டா எடுத்துக்காத. எங்கம்மா அதுலதான் போனாங்க. நான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ தொண்டை வழியா கேமரா விட்டுப் பாத்துடுவேன். போன தடவகூட எல்லாம் க்ளீன்." கையைத் துடைத்துக்கொண்டார். "புள்ளைங்களுக்கும் மிளகாய்ச் சம்பல்னா என்னன்னே தெரியாது."

இருபத்து நான்கு வருடங்களாக ஒரு பெண் தவறான உறுப்பைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். ஒழுங்காக, ஒரு நாள் விடாமல், யாரும் காட்ட முடியாத அக்கறையோடு. கதவு இல்லாத பக்கத்தில் உட்கார்ந்து.

சொன்னேன். வரிசையாக, எனக்கு என்ன கண்டுபிடித்தார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்து, மருத்துவர் அவரைப் பற்றிக் கேட்டதுவரை. அக்கா மாத்திரை அட்டையை எடுத்து, குமிழ்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் ஆஸ்பத்திரில கூடவே இருந்தேன்," என்றார் கடைசியில். "பதினாறு வயசு. டாக்டர் வந்தா என்னைக் கீழ அனுப்பிடுவாங்க, மைலோ வாங்கிட்டு வான்னு. எத்தனை மைலோ குடிச்சிருப்பேன் தெரியுமா."

பிறகு எந்த மருத்துவமனை, பாலிகிளினிக்கிலிருந்து பரிந்துரைக் கடிதம் வேண்டுமா, மாமியாருக்குத் தெரியாமல் காலையில் போய்வர முடியுமா என்று கேட்டார். நான் சொன்னேன். மாமியார் பற்றிய கேள்வியில் எனக்கு எரிச்சல் வந்தது, அதைக் காட்டவில்லை.

அப்போது அவர் கைப்பேசி அடித்தது. அம்மா. நான் போய்ச் சேர்ந்திருப்பேன் என்று கணக்குப் போட்டிருப்பார். அக்கா கைப்பேசியை மேசையில் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி அழுத்தினார்.

"சாப்டியாம்மா? புள்ளைங்க எங்க?"

"அம்மாவுக்கு என்ன சித்தி?"

"அவ அங்க வந்து எதயாச்சும் உளறி வச்சாளா? அவளுக்கே இப்பதான் ஒடம்பு..."

"அவ சொன்னது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம். அப்பாவின் இருமல்.

"சித்தி."

"இரு. கதவச் சாத்திட்டு வர்றேன்."

செருப்புச் சத்தம். கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள். அதன் பிறகு ஜன்னல் சாத்தும் சத்தமும் கேட்டது. அறைக்குள் வேறு யாரும் இல்லை என்பதைச் சரிபார்த்திருப்பார்.

"ஓவரியில," என்றார். "கேன்சர்."

"கேக்கல சித்தி. சத்தமாச் சொல்லுங்க."

எனக்கு முதல் தடவையே கேட்டிருந்தது. அக்காவுக்கும் கேட்டிருக்கும். அம்மா இன்னொரு முறை சொன்னார்.